எஸ்டோனியா: நிலம், கடல், குளிர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே வந்து ஐந்தாவது குளிர்காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. டார்ட்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்கள், தலைநகர் டாலினில் ஐடி வேலை கிடைத்தவர்கள், "பிள்ளை எங்கேயோ பனிக்குள் கிடக்கிறான்" என்று கவலைப்படும் சித்தி, எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸாப்பில் தனித்தனியாகத் தட்டித் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். விசா, சம்பளம், வாடகை பற்றி இதில் எதுவும் கிடையாது. மண், தண்ணீர், வானிலை மட்டும்.

தொடங்கும் முன் ஒரு சொல் பற்றி. நமக்கு மார்கழியில் புல்நுனியில் நிற்பதும் பனி, காலையில் எதிரே வரும் பஸ்ஸை மறைப்பதும் பனி, இமயமலையில் கொட்டிக் கிடப்பதும் பனி. இந்த ஊரில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குப்பை கொட்ட முடியாது. கீழே நான் பனி என்றால் வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுவது. ஐஸ் என்றால் தண்ணீர் உறைந்து கல்லானது. குழப்பம் வேண்டாம்.

எஸ்டோனியா எங்கே இருக்கிறது? ரஷ்யாவிலா?

ரஷ்யாவில் இல்லை. இதை இங்கே யாரிடமும் வாய்தவறிக்கூடக் கேட்டுவிடாதீர்கள். 1918இல் சுதந்திரம் அறிவித்து, பிறகு சோவியத் ஒன்றியத்துக்குள் இழுக்கப்பட்டு, 1991இல் மீண்டும் வெளியே வந்த நாடு. 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, 2011 முதல் யூரோதான்.

பால்டிக் கடலின் கிழக்குக் கரை. வடக்கே ஃபின்லாந்து வளைகுடா, அதைத் தாண்டினால் ஃபின்லாந்து. கிழக்கே ரஷ்யா, தெற்கே லாட்வியா, மேற்கே கடல். டாலினிலிருந்து ஹெல்சிங்கி ஏறக்குறைய 80 கிலோமீட்டர், கப்பலில் இரண்டு மணி நேரம். திங்கட்கிழமை போய் வெள்ளிக்கிழமை திரும்புகிற கட்டடத் தொழிலாளர்கள் அந்தக் கப்பலில் நிறையப் பேர் இருப்பார்கள். பரப்பளவு சுமார் 45,000 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை 13.7 லட்சத்தை ஒட்டி. பாதிக்கு மேல் காடு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சதுப்பு. மிச்சம் இருக்கிற இடத்தில்தான் ஊர், வயல், சாலை எல்லாம். டாலினைத் தாண்டி அரை மணி நேரம் காரில் போனால் மனிதரைத் தேட வேண்டியிருக்கும்.

மலை உண்டா?

உண்டு என்று அவர்கள் சொல்கிறார்கள். நாட்டின் மிக உயரமான இடம் தென்கிழக்கில் ஹாஞா மேட்டுப்பகுதியில் இருக்கும் சூர் முனமாகி, 318 மீட்டர். எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா என்ற மூன்று பால்டிக் நாடுகளுக்கும் சேர்த்து இதுதான் உச்சி! முதல் வருடம் நண்பர்கள் "மலை ஏறப் போகலாம்" என்று அழைத்தபோது நான் பெரிய ஷூ, தண்ணீர்ப் பாட்டில், கடலைமிட்டாய் சகிதம் கிளம்பினேன். கார் நிறுத்திய இடத்திலிருந்து மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிட்டது. மரங்கள் மறைப்பதால் அங்கே நின்று எதையும் பார்க்க முடியாது என்று 1939இல் 29 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள், அதில் ஏறினால்தான் காட்சி. நாலாபுறமும் காடு, காடு, நடுவில் ஏரி, மறுபடி காடு.

நாட்டின் சராசரி உயரம் கடல்மட்டத்திலிருந்து வெறும் 50 மீட்டர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிலம் தட்டையாக இருப்பதால் தண்ணீருக்கு எங்கே ஓடுவது என்று தெரியவில்லை, அதனால் நின்றுவிடுகிறது. கீழே வரப்போகிற சதுப்பு, ஏரி, வெள்ளம் எல்லாம் அந்த ஒரு காரணத்திலிருந்து கிளைத்தவை.

ஊர்ப் பெயர்களை எப்படி ஞாபகம் வைப்பது?

உடைத்துப் பார்த்தால் எளிது, நம் ஊர்ப் பெயர்கள் மாதிரிதான். மா என்றால் நிலம், சார் தீவு, சோ சதுப்பு, யார்வ் ஏரி, யோகி ஆறு, மாகி மேடு அல்லது மலை. சாரெமா தீவு நிலம், சோமா சதுப்பு நிலம், சூர் முனமாகி பெரிய முட்டை மலை. டார்ட்டு நகருக்கு நடுவே ஓடுகிற எமயோகிக்குத் தாய் ஆறு என்று பொருள். அது தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்த ஆற்றோடு ஒரு ஒட்டுதல். இவர்களும் நம்மைப்போல ஒரு சொல்லின் வாலில் இன்னொன்றை ஒட்டிக்கொண்டே போகிறவர்கள். ஐஸின் ஓரத்துக்கு இவர்கள் சொல்லும் சொல் 'யாஆஆர்'. எழுதும்போது ஒரே உயிரெழுத்து நாலு தடவை வரிசையாக வரும்.

இந்த நிலம் எப்படி உருவானது? பாறை ஒன்றும் கண்ணில் படவில்லையே?

வடக்குக் கரைக்குப் போங்கள், படும். அங்கே நிலம் சட்டென்று முடிந்து, கத்தியால் வெட்டியதுபோல் கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. மேலே சுண்ணாம்புக்கல், அடியில் மணற்பாறை, அதற்கும் அடியில் நீலக் களிமண். ஓந்திகா என்ற இடத்தில் இந்தச் சுவரின் உயரம் 55 மீட்டர். பக்கத்திலேயே வலாஸ்தே அருவி, 30 மீட்டர் அளவுக்கு விழும். நல்ல குளிர்காலத்தில் அருவியோடு எதிரே இருக்கும் மரங்களும் சேர்ந்து ஐஸ் போர்த்திக்கொள்ளும்.

சுண்ணாம்புக்கல்லை உற்றுப் பார்த்தால் சின்னச் சின்ன ஓடுகள், சுருள்கள் தெரியும். 45 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இது ஆழமில்லாத ஒரு கடலின் அடி, அப்போது இந்த நிலத்துண்டு தெற்கு அரைக்கோளத்தில் இருந்தது. டாலினின் பழைய கோட்டைச் சுவர் முழுக்க அந்தக் கல்தான், 1992இல் அதையே தேசியக் கல் என்று அறிவித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் நியாயம்தான், வேறு கல்லும் பெரிதாக இல்லை.

வேறு கல் இல்லை என்றேன், ஆனால் வயலின் நடுவே, கடற்கரையில், காட்டுக்குள் என்று கண்ட இடத்தில் வீடு அளவுக்குக் கருங்கல் பாறைகள் தனியாக உட்கார்ந்திருக்கும். அவை இந்த ஊர்க் கல்லே இல்லை. பனியுகத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடித்த ஐஸ் பாளம் வடக்கிலிருந்து நகர்ந்து வந்தபோது ஃபின்லாந்துப் பக்கத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து, உருகும்போது அப்படியே போட்டுவிட்டுப் போனவை. லெதிபெயா கடற்கரையில் நிற்கும் ஏகல்கிவிதான் அவற்றில் பெரியது, ஏழு மீட்டர் உயரம். அதன் அருகில் நின்று போட்டோ எடுத்தால் நாம் பிள்ளையார் கோயில் வாசலில் விடப்பட்ட செருப்பு மாதிரி தெரிவோம்.

நிலம் வளர்கிறது என்கிறார்களே, உண்மையா?

வளரவில்லை, எழும்புகிறது. இலவம்பஞ்சு மெத்தையில் ஆள் எழுந்துபோன பிறகு அமுங்கிய இடம் மெல்ல உப்பிக்கொண்டு வருமே, அதேதான். ஐஸின் எடை போய்ப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நிலம் இன்னும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது. வடமேற்கு மூலையில் ஆண்டுக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர், தென்கிழக்கே போகப்போக ஒன்றுமில்லை. நூறு ஆண்டுக்கு ஒரு அடி என்று வைத்துக்கொண்டால், தட்டைக் கரையில் அது எவ்வளவு தூரம் கடலைத் தள்ளும் என்று யோசியுங்கள். மேற்குக் கரை ஊரான ஹாப்சலுவுக்கு எதிரே இருக்கும் நோவாரூட்சி முன்பு தீவு. இப்போது கார் ஓட்டிக்கொண்டே போகலாம். இன்று கடல்மட்டமும் உயர்ந்துகொண்டிருப்பதால் இந்த எழும்பல் பெரும்பாலும் அதற்கே சரியாகப் போய்விடுகிறது.

இங்கே கடல் எப்படி? குளிக்கலாமா?

பால்டிக் கடலை நம் கடலோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். உப்பு இல்லை, அலை இல்லை, கடல்வாசனைகூட அரைகுறைதான். சாதாரணக் கடலில் ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் இங்கே ஐந்து முதல் ஏழு கிராம். வாயில் பட்டால் உப்புப் போட மறந்த ரசம் மாதிரி இருக்கும். காரணம், பெருங்கடலோடு இதை இணைப்பது டென்மார்க்குப் பக்கத்தில் இருக்கும் குறுகிய நீரிணைகள் மட்டுமே. சுற்றியுள்ள நாடுகளின் ஆறுகள் எல்லாம் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. குளிர் நாடு என்பதால் ஆவியாவதும் குறைவு. அதனால் ஏரி மீன்களும் கடல் மீன்களும் ஒரே வலையில் சிக்கும். இவர்களின் தேசிய மீனான ரைம் ஒரு வகைக் குட்டி ஹெர்ரிங், நம் மத்தி மீனை நினைத்துக்கொள்ளலாம். வறுத்துப் பார்த்தேன், மிளகாய்த்தூள் இருந்தால் பிரமாதம்.

ஏற்ற இறக்கமும் கிடையாது என்றே சொல்லலாம், சில சென்டிமீட்டர்தான். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் இந்தக் கடல் அசையாது. ஆனால் காற்றுக்கு அசையும், அதைக் கீழே சொல்கிறேன்.

குளிக்க பார்னு. கோடைத் தலைநகர் என்றே அதற்குப் பெயர். மணல் நன்றாக இருக்கும், தண்ணீர் ஆழமே இல்லை, நடந்துகொண்டே இருக்கலாம், வெகுதூரம் போன பிறகும் முட்டி அளவுதான். ஜூலையில் நல்ல வெயில் வாரம் ஒன்று அமைந்தால் நீர் 20 டிகிரியைத் தொடும். அதே வெயிலில் நீலப்பச்சைப் பாசியும் பூக்கும். பச்சைப் பெயின்ட் கலந்ததுபோல் தண்ணீர் தெரிந்தால் இறங்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள்.

கடல் உறையுமா? அதன் மேல் கார் ஓட்டுகிறார்கள் என்று வீடியோ பார்த்தேனே.

ஓட்டுகிறார்கள், சட்டப்படிதான். உப்பு குறைவு, ஆழம் குறைவு, அதனால் தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் நீர் சீக்கிரம் உறையும். போதுமான தடிமன் வந்துவிட்டது என்று அளந்து பார்த்த பிறகு ஐஸ் சாலையைத் திறப்பார்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நாம் சொல்வது இங்கே எழுத்துப்படி நடக்கும், தை கடைசியிலோ மாசியிலோ கடல் மேலேயே வழி பிறந்துவிடும். மேற்குக் கரையில் இருக்கும் ரோஹுகுலாவிலிருந்து ஹியுமா தீவுக்குப் போகும் சாலை சுமார் 26 கிலோமீட்டர், ஐரோப்பாவிலேயே நீளமானது.

விதிகள்தான் சுவாரஸ்யம். சீட் பெல்ட் போடக் கூடாது! ஐஸ் உடைந்தால் உடனே வெளியே குதிக்க வேண்டும் அல்லவா. முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் 250 மீட்டர் இடைவெளி. இருட்டிய பிறகு போகக் கூடாது, நடுவில் நிற்கவும் கூடாது. வேகம் 25க்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் 40க்கு மேல் 70க்குள். இடைப்பட்ட வேகத்தில் போனால் வண்டியின் பாரத்தால் ஐஸுக்கு அடியில் எழும் அலையும் வண்டியும் ஒரே தாளத்தில் சேர்ந்து ஐஸை உடைத்துவிடும். கல்லூரியில் ஒத்ததிர்வு என்று படித்தோமே, அதை ஒரு போக்குவரத்துப் பலகையாக நட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தச் சாலைகள் ஆண்டுதோறும் திறக்கும் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள். பல குளிர்காலங்களில் ஐஸ் போதாமல் திறப்பதே இல்லை. அந்த நேரம் கப்பல்தான்.

எத்தனை தீவுகள்?

2,000க்கும் மேல். பாறைத் துணுக்குகளையெல்லாம் சேர்த்த கணக்கு இது. ஆட்கள் குடியிருப்பவை மிகக் கொஞ்சம். சாரெமா பெரியது, சுமார் 2,670 சதுர கிலோமீட்டர். அடுத்தது ஹியுமா, பிறகு மூஹு. சோவியத் காலத்தில் இந்தத் தீவுகள் எல்லைப் பகுதி, சொந்த நாட்டுக்காரனே அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது. அந்தப் பூட்டினால் கட்டடங்கள் பெருகாமல், காடும் கரையும் பெரும்பாலும் அப்படியே மிஞ்சியிருக்கின்றன.

சாரெமா போனால் காலி என்ற ஊரில் இருக்கும் பள்ளத்தைப் பார்க்காமல் வராதீர்கள். வானத்திலிருந்து விழுந்த விண்கல் தோண்டிய குழி, 110 மீட்டர் அகலம், கிட்டத்தட்டச் சரியான வட்டம், நடுவில் குளம். சுற்றிலும் இன்னும் எட்டுச் சின்னக் குழிகள். விழுந்து சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன, அதாவது தீவில் மனிதர்கள் இருந்த காலம். எரிமலை வாய், உப்புக் குழி என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1937இல் இவான் ரெய்ன்வால்ட் என்ற சுரங்கப் பொறியாளர் தோண்டி விண்கல் இரும்புத் துண்டுகளை எடுத்துக் காட்டிய பிறகுதான் வாதம் அடங்கியது.

பெய்ப்சி ஏரி என்பது கடலா ஏரியா? எதிர்க்கரையே தெரியவில்லை.

ஏரிதான். 3,555 சதுர கிலோமீட்டர், நடுவில் ரஷ்ய எல்லை ஓடுகிறது. அவ்வளவு பரந்திருந்தும் சராசரி ஆழம் ஏழு எட்டு மீட்டர்தான். 1242இல் ரஷ்யப் படையும் ஜெர்மானிய வீரர்களும் மோதிய புகழ்பெற்ற ஐஸ் சண்டை நடந்தது இந்த ஏரியில்தான். வசந்த காலத்தில் காற்று திசை மாறினால் உடைந்த ஐஸ் பாளங்கள் கரையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மீன்பிடி வீடுகளின் வேலியைச் சாய்த்துவிடும். மேற்குக் கரையோரம் பழைய மரபு விடாத ரஷ்யக் கிறிஸ்தவர்களின் கிராமங்கள் வரிசையாக இருக்கின்றன. வெங்காயம் பயிரிடுவார்கள், கோடை முடியும்போது சாலையோரம் முழுக்க வெங்காயச் சரங்கள் தொங்கும், பக்கத்திலேயே புகையில் சுட்ட மீன். இரண்டையும் வாங்குங்கள்.

எல்லை என்றதும் இன்னொன்று. தென்கிழக்கே சாட்செ என்ற இடத்தில் எஸ்டோனியச் சாலை ஒன்று ஒரு கிலோமீட்டர் தூரம் ரஷ்ய மண்ணுக்குள் நுழைந்து வெளியே வரும். வண்டியில் கடக்கலாம், நிறுத்தவோ நடக்கவோ கூடாது என்று பலகை இருந்தது. 2025 அக்டோபரில் ரஷ்யப் பக்கம் ஆயுதம் தாங்கிய ஆட்கள் தென்பட்டதும் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள்.

சதுப்பு நிலத்தில் என்ன இருக்கிறது பார்க்க? கொசுவா?

கொசுவும் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் உங்களை டாலினின் பழைய நகரத்துக்கு அனுப்ப மாட்டேன், சதுப்புக்குத்தான் அனுப்புவேன். டாலினிலிருந்து ஒரு மணி நேரத்தில் லஹேமா தேசியப் பூங்கா. 1971இல் தொடங்கியது, சோவியத் ஒன்றியத்திலேயே முதல் தேசியப் பூங்கா அது. அங்கே வீரு சதுப்பின் மேல் பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள்.

பலகையில் முட்டி போட்டு உட்கார்ந்து பக்கத்தில் இருக்கும் பாசியை ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். துவைத்த துணியிலிருந்து வருவதுபோல் தண்ணீர் ஒழுகும், மணிக்கட்டு வழியாக ஜாக்கெட் கைக்குள் ஓடும். பிறகு கையில் மிஞ்சுவது பஞ்சுபோல் எடையே இல்லாத ஏதோ ஒன்று. இந்தச் சதுப்பு முழுக்க அதுதான். அடியில் செத்துப்போன பாசி மக்க முடியாமல், காற்றுப் புகாத அமிலத் தண்ணீரில் படிந்து படிந்து பீட் ஆகிறது, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில். பல மீட்டர் ஆழம் இருந்தால் எவ்வளவு காலம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவே இடுப்பளவு உயரத்தில் நிற்கும் பைன் செடிகளைக் கன்று என்று நினைத்துவிடாதீர்கள், அவற்றில் பல நூறு வயதைத் தாண்டிய கிழங்கள். உணவு இல்லாததால் வளரவில்லை, அவ்வளவுதான். குளங்களில் தண்ணீர் கட்டன்சாயா நிறத்தில், ஆனால் சுத்தம். கோடையில் ஆட்கள் இறங்கி நீந்துவார்கள்.

பலகையை விட்டுக் காலை வைக்காதீர்கள். நான் போட்டோவுக்காக ஒரு எட்டு தள்ளி வைத்தேன், கால் முட்டிவரை போய்விட்டது, காலை உருவ முடிந்தது, ஷூவை நண்பர் குச்சி வைத்து எடுத்துக் கொடுத்தார்.

ஐந்தாவது பருவம் என்றால் என்ன?

பங்குனி வாக்கில் பனி உருகும்போது சோமா தேசியப் பூங்காவில் வரும் வெள்ளம். பக்கத்து மேட்டுப் பகுதியிலிருந்து பல ஆறுகள் தண்ணீரை ஒரே தட்டையான கிண்ணத்துக்குள் கொண்டுவந்து ஊற்ற, வெளியே போகும் வழி போதாமல் வயல், சாலை, காடு எல்லாம் மூழ்கிவிடும். கோடை, இலையுதிர், குளிர், வசந்தம் என்ற நான்கோடு இதையும் ஒரு பருவமாகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். 1931 வெள்ளம்தான் இன்றுவரை பேச்சில் அடிபடுவது. இந்த நாட்களில் ஊர் மக்கள் ஹாப்யாஸ் என்ற ஒற்றைமரத் தோணியில் போய்வந்தார்கள். ஆஸ்பென் மரத்தைக் குடைந்து, சூடு காட்டி, பக்கங்களை மெதுவாக விரித்துச் செய்வது. செய்யத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்ததால் 2021இல் யுனெஸ்கோ அதை உடனடியாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

வெள்ளத்துக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. டாலினுக்குத் தெற்கே துஹாலாவில் ஒரு சாதாரணக் கிணறு, சூனியக்காரியின் கிணறு என்று பெயர். சுண்ணாம்புப் பாறைக்குள் ஓடும் பாதாள ஆற்றில் தண்ணீர் பெருகிவிட்டால் இந்தக் கிணறு பொங்கி வழிய ஆரம்பிக்கும், சில நாள் நிற்காது. சூனியக்காரிகள் அடியில் சவுனா என்ற நீராவிக் குளியல் போடுகிறார்கள் என்பது ஊர்க் கதை. எல்லா ஆண்டும் பொங்குவதில்லை.

சரி, எவ்வளவு குளிரும்? நேராகச் சொல்லுங்கள்.

நேராகச் சொன்னால், நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. டாலினில் பிப்ரவரி சராசரி மைனஸ் மூன்று, நான்கு டிகிரி. ஜூலை சராசரி 17, 18. டார்ட்டு உள்நாடு என்பதால் குளிரில் ஒரு டிகிரி கூடுதல் கெடுபிடி. மேற்குத் தீவுகளில் சுழியத்தை ஒட்டியே நிற்கும். இதே அட்சரேகையில் கனடாவின் கிழக்கு ஓரத்தில் இதைவிடக் கடுமையாக உறையும். இங்கே அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பை மேற்குக் காற்று ஏந்திக்கொண்டு வருவதால் தப்பித்தோம். காற்று திரும்பி ரஷ்யப் பக்கத்திலிருந்து வீச ஆரம்பித்தால் அந்தச் சலுகை போச்சு, மைனஸ் 20 சர்வசாதாரணம். மூன்று நாள் கழித்து மேற்குக் காற்று திரும்பும், மழை பெய்யும், நேற்றுப் பனியாகக் கிடந்தது இன்று சேறு. இரவில் அதுவே மறுபடி உறைந்து கண்ணாடி. எஸ்டோனியக் குளிர்காலத்தில் எலும்பு முறிவது குளிரால் அன்று, இந்த உருகலால்தான்.

சாதனை அளவுகளையும் கேட்பீர்கள். குளிர் 1940 ஜனவரி 17 அன்று யோகெவாவில் மைனஸ் 43.5. வெயில் 1992 ஆகஸ்ட் 11 அன்று வோருவில் 35.6. இரண்டு ஊருக்கும் நடுவே நூறு கிலோமீட்டர் சொச்சம்தான்.

கடலின் வேலை இன்னொன்று: அது எல்லாவற்றையும் தாமதமாகச் செய்யும். மே மாதம் டார்ட்டுவில் டிஷர்ட்டில் திரியும்போது கடலோரத்தில் ஜாக்கெட் தேவைப்படும், ஏனென்றால் கடல் இன்னும் குளிர்காலத்தை விடவில்லை. அக்டோபரில் நேர்மாறு, உள்நாட்டில் உறைபனி, சாரெமாவில் இதமாக இருக்கும். பனி நிலத்தில் கிடக்கும் நாட்கள் ஆண்டுக்கு 75 முதல் 135 வரை, கடலோரம் குறைவு, ஹாஞா மேட்டில் அதிகம்.

இருட்டு பற்றித்தான் பயம்.

அது நியாயமான பயம். குளிரை ஜாக்கெட் பார்த்துக்கொள்ளும், இருட்டுக்கு ஜாக்கெட் கிடையாது. டிசம்பர் 21 அன்று டாலினில் சூரியன் காலை ஒன்பதேகாலுக்கு எழுந்து மூன்று இருபதுக்கெல்லாம் போய்விடும். ஆறு மணி நேரம், அதுவும் மேகம் விலகினால். நவம்பர்தான் எனக்கு ஆண்டின் மிக மோசமான மாதம், பனி விழுந்து தரையாவது வெள்ளையாகும் முன், கறுப்புத் தார்ச்சாலை, கறுப்பு மரங்கள், தூறல். முதல் பனி விழும் அன்று ஊரே சற்று வெளிச்சமாகிவிடும், மனிதர்களும் சிரிப்பார்கள். வைட்டமின் டி மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத் தொடங்கிவிடுங்கள்.

இருட்டில் நடப்பவர் மேல் ஒளி பிரதிபலிப்பான் தொங்க வேண்டும் என்பது சட்டம். ஹெல்குர் என்பார்கள். கையகலப் பிளாஸ்டிக் பூவோ ஆந்தையோ, ஒரு கயிற்றில் கட்டிக் கோட்டு விளிம்பில், முட்டி உயரத்தில் ஆடும்படி விட வேண்டும், கார் விளக்கு அங்கேதான் படும். முதல் மாதம் சாவிக்கொத்துப் பொம்மை என்று நினைத்து அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இதற்கு வட்டி சேர்த்து ஜூனில் திருப்பித் தருவார்கள். காலை நாலு மணிக்கு விடியும், இரவு பத்தேமுக்காலுக்கு அஸ்தமனம், அதன் பிறகும் வானம் முழுதாகக் கறுக்காது. தடித்த திரைச்சீலை வாங்குங்கள்.

மழைக்காலம் எப்போது?

தனியாக ஒன்று இல்லை. ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர், பனியாகவும் மழையாகவும் பிரித்துப் பிரித்து. அளவில் அதிகம் ஜூலை, ஆகஸ்டில்தான், ஆனால் நனைந்துகொண்டே இருப்பதாகத் தோன்றுவது அக்டோபர், நவம்பரில். நம் ஐப்பசி அடைமழை மாதிரி கொட்டித் தீர்க்காது. சலிக்கும். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும், அதனால் யாரும் பிடிப்பதில்லை.

என்ன உடை கொண்டுவர வேண்டும்?

ஊரிலிருந்து எதையும் சுமக்காதீர்கள். நான் ஒரு கடையில் "மைனஸ் முப்பது தாங்கும் சார்" என்ற உத்தரவாதத்தோடு வாங்கி வந்த ஜாக்கெட் முதல் தூறலிலேயே ஊறி ஈரக் கம்பளி நாயாகிவிட்டது. இங்கே வந்து வாங்குங்கள். உள்ளே ஒட்டிய தெர்மல், நடுவே கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாத ஒன்று. ஜாக்கெட்டைவிட ஷூவுக்குப் பணம் போடுங்கள். ஷூவின் அடியில் மாட்டும் ஆணி வளையம் ஒன்றும் வாங்கிவிடுங்கள், நம்மைவிடப் பாட்டிகள் வேகமாக நடப்பதன் ரகசியம் அதுதான். கார் வைத்திருந்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய குளிர்கால டயர் கட்டாயம். உருகும் நாட்களில் கட்டட ஓரமாக நடக்காதீர்கள், கூரையிலிருந்து ஐஸ் கம்பி விழும். நடைபாதையில் நாடா கட்டியிருந்தால் சுற்றிப் போங்கள்.

காட்டில் கரடி வருமா?

கரடி, ஓநாய், லிங்க்ஸ் பூனை எல்லாம் உண்டு, நம்மைப் பார்த்தால் அவைதான் ஓடும். பயப்பட வேண்டியது உண்ணிக்கு. வசந்தம் தொடங்கிக் குளிர் வரும்வரை புல்லில் காத்திருக்கும், கடித்தால் வலிக்காது, சில உண்ணிகளிடமிருந்து மூளைக்காய்ச்சல் வரும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மூன்று தவணை, குளிர்காலத்திலேயே தொடங்குங்கள். லைம் நோயையும் அவை பரப்பும். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பெரிதாகிக்கொண்டே போனால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். காட்டிலிருந்து வந்ததும் முட்டிக்குப் பின்னால், அக்குள், இடுப்பு எல்லாம் பார்த்துவிடுங்கள்.

மற்றபடி காடு எல்லாருக்கும் சொந்தம் மாதிரிதான். வேலி இல்லாத காட்டில் நடக்கலாம், காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம். தெரியாத காளானைத் தொடாதீர்கள்.

நிலநடுக்கம், புயல்?

நிலநடுக்கம் அபூர்வம், 1976 அக்டோபரில் வடமேற்கே ஓஸ்முசார் தீவருகே 4.7 அளவில் ஒன்று வந்தது, அதுவே பெரிய செய்தி. புயல் வேறு கதை. 2005 ஜனவரி 9 அன்று மேற்குக் காற்று பால்டிக்கின் நீரையெல்லாம் பார்னு வளைகுடாவுக்குள் நெட்டித் தள்ளியது. புனலுக்குள் ஊற்றினாற்போல் நீர் ஏறி, வழக்கமான மட்டத்துக்கு மேல் 275 சென்டிமீட்டர். கோடைத் தலைநகரின் தெருக்களில் ஜனவரி மாதக் கடல்நீர். ஏற்ற இறக்கமே இல்லாத கடல் என்றேனே, காற்றுக்கு மட்டும் அது அடங்காது.

குளிர்காலம் குறைந்துவிட்டதாமே?

ஆமாம், கண்கூடு. ஐஸ் சாலை பற்றிச் சொன்னேன். ஓதெபாவிலிருந்து எல்வாவுக்கு 63 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டம், டார்ட்டு மராத்தான், 1960இலிருந்து நடக்கிறது. பனி போதாமல் ரத்தான ஆண்டுகள் உண்டு, செயற்கைப் பனியை லாரியில் கொட்டித் தடத்தைச் சுருக்கி நடத்திய ஆண்டுகளும் உண்டு. வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சின்ன வயதில் வாசல் கதவைத் திறக்க முடியாமல் பனி நின்ற கதையில்தான் முடியும்.

டாலினில் வெள்ளம் வருமா? விமானம் இறங்கும்போது பக்கத்திலேயே பெரிய ஏரி தெரிகிறதே.

அது யுலெமிஸ்தே ஏரி, விமான நிலையத்தின் ஓரமாகவே இருக்கிறது. நகரத்தின் குடிநீர் பெரும்பாலும் அதிலிருந்துதான். ஏரி நகரத்தைவிட மேட்டில் இருப்பதால் உங்கள் கேள்வி டாலின்காரர்களுக்கும் பல நூறு ஆண்டுகளாக உண்டு, அதற்கு ஒரு கதையும் வைத்திருக்கிறார்கள். ஏரிக்குள் யார்வெவானா என்ற கிழவர் குடியிருக்கிறார். ஆண்டுக்கு ஒரு முறை, இலையுதிர்கால இருட்டில் தாடி சொட்டச் சொட்ட எழுந்து வந்து நகர வாசலில் கேட்பார்: "ஊர் கட்டி முடிந்ததா?" முடிந்தது என்று சொன்னால் ஏரியைத் திறந்துவிட்டு ஊரை மூழ்கடித்துவிடுவார். அதனால் காவல்காரன், "எங்கே முடிந்தது, இன்னும் ஏகப்பட்ட வேலை கிடக்கிறது" என்பான். கிழவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போய்விடுவார்.

நீங்கள் வந்திறங்கும்போது பாருங்கள், எந்தத் தெருவில் போனாலும் ஏதாவது ஒன்றைத் தோண்டிப் போட்டிருப்பார்கள். ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள்.